குதிகால்

...கம்பைப் பார்க்காதே, காலைப் பார், கை பொய் சொல்லும் கால் சொல்லாது, குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவில் சிலம்பம் சுற்றுகிற அத்தனை பேருக்கும் தெரிந்ததுதானே, அதை வைத்துத்தானே கன்னியப்பன் எட்டு வருஷமாகத் திருப்பத்தூர், நாட்றம்பள்ளிப் பக்கம் ஆட்டுத்தோல் வாங்கி ஆம்பூர் மண்டியில் விற்றுப் பிழைத்தான், எதிராளி முன்னால் வந்தால் ஓரடி பின்வாங்கு, தொடர்ந்து வந்து நிலை தடுமாறுவான், அப்போது போடு... பின்வாங்கினானே! மூன்று வாரத்துக்கு முன்னால் மண்டிக்கார ரஃபி அகமது சாயபு துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத் தோலுக்குப் பதினெட்டணா என்று சொன்னபோது கையை உருவிக்கொண்டு வந்தானே, மனுஷன் பின்னாலேயே ஓடிவர வேண்டாமா? வரவில்லை. அடுத்த வாரம் போனால் லண்டனிலிருந்து தந்தி வந்ததாம், விலை கம்மியாம், பதினாலணா. அதற்கும் பின்வாங்கினான். இன்னும் எவ்வளவு தூரம்தான் பின்வாங்குவது, முதுகில் சுவர் இடிக்கிறதே.

வெளியே வண்டியில் முந்நூறு தோல், சித்திரை வெயில் வேறு, காலையில் ஒன்றைத் தேய்த்துப் பார்த்தால் மயிர் கையோடு வந்துவிட்டது, அழுகல் பிடித்துவிட்டது, ஒன்றுதான், ஆனால் ஒன்று கழன்றால் நாளைக்கு மொத்தமும் கழலும், கழன்ற தோலை எவன் தொடுவான், கைமுதல் பூராவும் அதில்தான் கிடக்கிறது, போச்சென்றால் பழையபடி தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியில் கூலிக்கு இறங்க வேண்டியதுதான், விரல் இடுக்கெல்லாம் வெந்து, சோற்றைப் பிசைய முடியாமல்... சீ, அந்தப் பிழைப்பு வேண்டாம். இப்போது துண்டுக்கடியில் சாயபுவின் விரல் பதினோரணா என்கிறது. அநியாயம். எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு அவர் காலைத் தேடுகிறான், அது எங்கே தெரிகிறது, சமக்காளத்தில் சம்மணம் போட்டு லுங்கிக்குள் மறைந்து கிடக்கிறது, சரி, இந்தப் பாழாய்ப்போன லண்டன் விலைக்காவது கால் உண்டா, அதற்கும் இல்லை, அப்புறம் யாரைப் பார்த்து அடிப்பது?

சாயபு விரலை விடவுமில்லை, சிரிக்கவுமில்லை. "நாலு வருஷம் முன்ன திருவிழால உன் ஆட்டம் பாத்தேன் கன்னியப்பா. நல்ல ஆட்டம். ஆனா அவசரம் வந்துட்டா உன் வலது குதிகால் தூக்கிக்குதுபா. இங்கயும் அப்டிதான், இந்தத் தோலுக்கு வெல பேச வந்த முதல் நாள்லேர்ந்து பாக்குறேன்."

குனிந்து பார்த்தான். தூக்கித்தான் இருந்தது. அமுக்கிப் பார்த்தான், அமுங்கவில்லை, அதற்குள் துண்டுக்கடியில் அவன் விரல் தானாக மடங்கிச் சரி என்றுவிட்டது. ஆட்கள் வண்டியிலிருந்து தோலை இறக்க ஆரம்பித்தார்கள். பதினோரணா, குழியில் இறங்க வேண்டாம், அந்த மட்டும் தப்பித்தோம் என்று எழுந்திருக்கப் போனவன் பாதியில் நின்றான்... முதல் நாளிலிருந்தா? அப்படியானால் இந்த மூன்று வாரமாக இறங்கியது லண்டன் விலைதானா? அந்தத் தந்தியைத்தான் அவன் கண்ணால் பார்க்கவே இல்லையே.