ரொட்டி வண்டிக்கு வந்த எச்சரிக்கை

ரொட்டித் தொழிற்சாலையில் அவரை 'எக்ஸ்பிரஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். விடிகாலை நாலரைக்கு வேனை எடுத்தால் ஏழு மணிக்குள் நாற்பத்திரண்டு கடைகளில் ரொட்டி இறக்கிவிடுவார். மற்ற வேன்கள் பாதி வழியில் திணறிக்கொண்டிருக்கும்போது இவர் காலி டிரேக்களோடு திரும்பி வந்து, வாசலில் டீக் குடித்துக்கொண்டு நிற்பார். பதினாறு வருஷமாக இதே கதைதான். அந்தப் பட்டப்பெயரில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை போக்குவரத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரே வருஷத்தில் மூன்று முறை சிவப்பு விளக்கைத் தாண்டியிருக்கிறார். பள்ளிக்கூடத் தெருவில் இரண்டு முறை வேகம். இன்னும் ஒரு தவறு செய்தால் லைசென்ஸ் ஆறு மாதத்துக்கு முடக்கப்படும். அதற்கு முன் குறித்த நாளில் நேரில் வந்து எச்சரிக்கை வகுப்பில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை வந்த அபராதச் சீட்டுகளை எல்லாம் வீட்டுக்குத் தெரியாமல் சமாளித்துவிட்டவரால் இதைச் சமாளிக்க முடியவில்லை. கடிதத்தை முதலில் பிரித்தது அவர் மனைவி.

அவள் சத்தம் போடவில்லை. மடித்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "லைசென்ஸ் போச்சுன்னா உங்களுக்கு வேற என்ன தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

வகுப்பு மாடியில் ஒரு சின்ன அறையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினோரு பேர். நடத்தியவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அதிகாரி அம்மாள். விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டி மிரட்டுவார் என்று எதிர்பார்த்து வந்தவர்களிடம், ஒவ்வொருவரும் எங்கே வேகமாகப் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று கேட்டார். ஒரு டாக்ஸிக்காரர், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அவசரம், முன்னால் போகிறவன் மந்தம், நடுவில் மாட்டிக்கொண்ட பாவி நான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரொட்டி வேன்காரர் தன் முறை வந்ததும், ஏழு மணிக்குள் முடித்தாக வேண்டும் என்றார்.

"முடிக்கலைன்னா?"

இத்தனை வருஷத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "தெரியல மேடம். முடிக்காம இருந்ததே இல்ல."

மறுபடியும் சிரிப்பு. அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "உங்களைப் பயமுறுத்தத்தான் கூப்பிட்டிருக்கோம். அதை நான் மறைக்கப் போறதில்ல. இந்தப் பயம் ஒரு மாசம் இருக்கும். அதுக்குள்ள மாறினா மாறினதுதான்."

அவர் மாறினார்.

மறுநாளிலிருந்து மஞ்சள் விளக்குக்கே நின்றார். பள்ளிக்கூடத் தெருவில் வேன் நகர்கிறதா என்று சந்தேகம் வரும்படி போனார். இத்தனை வருஷம் பறந்து போன தெருவில் ஒரு தபால் பெட்டி இருப்பதே அப்போதுதான் கண்ணில் பட்டது. முதல் நாள் ஏழு அடித்தபோது ஒன்பது கடைகள் பாக்கி. கடைக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் வேறு கம்பெனி ரொட்டியை வாங்கி அடுக்கியாயிற்று என்று டிரேயைத் தொடாமலே திருப்பி அனுப்பினார். தினமும் இதே பாடு. இருந்தாலும் வீட்டுக்குப் போகும்போது அவர் தோள் லேசாக இருந்தது. மனைவியிடம் சிக்னல் சிக்னலாக ஒப்பித்தார், அவளும் கேட்டுக்கொண்டாள்.

மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு மாதம் வரை பொறுத்துப் பார்த்தார். ஐந்தாவது வாரம் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "நீங்க செய்யறது தப்புன்னு நான் சொல்லல. ஆனா ஏழு மணிக்கு மேல போனா நம்ம ரொட்டியை எவன் வாங்குவான்?"

வேனை இவருடைய மச்சினனுக்குக் கொடுத்தார்கள். மனைவியின் தம்பி, அவர்கள் வீட்டுப் பின் அறையில்தான் இருந்தான். அவனைத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டதும் வேன் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் இவரேதான். இவரை டிரே கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க நீராவி. மாலையில் விரல்கள் வெளுத்துச் சுருங்கி, வேறு யாருடைய கையோ போலிருக்கும். எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடுவது தானாக நின்றுபோனது.

மூன்று மாதம் கழித்து அதே அலுவலகத்திலிருந்து அதே வாசகங்களோடு ஒரு கடிதம் மச்சினன் பேருக்கு வந்தது.

சாப்பிடும்போது அவர் பேச்சை எடுத்தார். அந்த அம்மாள் கேட்டதுபோலவே கேட்டுப் பார்த்தார். அவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். "மாமா, நீங்க பயந்தீங்க, டிரே கழுவுறீங்க. நானும் பயந்தா நம்ம வீட்டுல ரெண்டு பேர் டிரே கழுவுவோம். வேன் நிக்கவா போகுது? வேற ஒருத்தன் இதே வேகத்துல ஓட்டுவான்."

அதில் எங்கே தப்பு என்று அவருக்குத் தெரியவில்லை. மனைவி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்த அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி அம்மாளுக்கு முதலில் ஆள் அடையாளம் தெரியவில்லை. ரொட்டி என்றதும் தெரிந்துவிட்டது. இவர் நடந்ததை எல்லாம் சொல்லி, மச்சினனுக்கு அனுப்பிய கடிதத்தைப் போல ஒன்றைத் தொழிற்சாலைக்கும் அனுப்பும்படி கேட்டார். ஏழு மணி என்பதை எட்டு மணி ஆக்கச் சொல்லி இரண்டு வரி எழுதினால் போதும்.

"எங்க கடிதம் லைசென்ஸ் இருக்கிறவங்களுக்குத்தான் போகும். உங்க கம்பெனிக்கு லைசென்ஸ் இல்லையே, எதை முடக்குவேன்னு எழுத?" என்றார் அந்த அம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தி, இதைப் பற்றி மேலிடத்துக்குத் தானும் எழுதியதாகவும், இரண்டு வருஷமாகப் பதில் இல்லை என்றும் சொன்னார். மச்சினனின் வகுப்பு நாளைப் பார்த்துச் சொல்லி, கட்டாயம் அனுப்பி வைக்கச் சொன்னார். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை ஆறு இருபதுக்கு, மார்க்கெட் முனையில் தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மேல் வேன் மோதியது. மச்சினன் ஓடிப்போகவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை தரையில் உட்கார்ந்து அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தானாம். வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே அவள் உயிர் போய்விட்டது. அவனைப் போலீஸ் அழைத்துப் போனது. லைசென்ஸை முடக்கவில்லை, அடியோடு ரத்து செய்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போன் வந்தது. யாரோ ஒரு குமாஸ்தா. வகுப்புக்கு வரவில்லையே, அடுத்த தேதி கொடுக்கட்டுமா என்று கேட்டார். "அவன் வர மாட்டான்" என்று சொல்லிவிட்டு மனைவி போனை வைத்தாள். பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து, தம்பி பேரைச் சொல்லாமல் அழுதாள். செத்துப்போனவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்று அவள் அக்கம்பக்கத்தில் விசாரித்துத் தெரிந்து வைத்திருந்தாள்.

அடுத்த வாரம் மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். வழி தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை என்றார். இவர் நேரத்தைத் தள்ளிக் கொடுக்கச் சொன்னார். மேனேஜர் அங்கேயே போன் போட்டு முதலாளியிடம் பேசி, ஏழே கால் வரை அனுமதி வாங்கிக் கொடுத்தார். உண்மையிலேயே நல்லது செய்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. வேறு எவனோ ஓட்டுவதற்கு நானே ஓட்டுவது மேல் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, இவர் சாவியை வாங்கிக்கொண்டார்.

முதல் பத்து நாள் மார்க்கெட் முனை வந்தாலே கால் தானாக பிரேக்குக்குப் போகும். கழுவிவிட்ட தார் ரோட்டில் பார்க்க ஒன்றும் இல்லை. புதிதாக ஒருத்தி அங்கே பெருக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் பட்டியலில் மூன்று கடைகள் கூடின. கடைக்காரர்கள் முணுமுணுக்கவே, ஏழே கால் மறுபடியும் ஏழு ஆனது. அதை யாரும் உத்தரவாகக்கூடப் போடவில்லை.

ஒரு வியாழக்கிழமை ஆறு முப்பத்தைந்துக்குப் பதிமூன்று கடைகள் பாக்கி இருந்தன. முன்னால் விளக்கு மஞ்சளுக்கு மாறியது. அவர் நின்றிருக்கலாம், நிற்கத்தான் நினைத்தார். அதற்குள் வேன் கடந்து போயிருந்தது. தெருவில் இறங்கக் காலை வைத்த ஒரு கிழவர் சட்டென்று பின்வாங்கியது ஓரக்கண்ணில் தெரிந்தது. இவர் பக்கக் கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை.

அன்று ஏழுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போதே தொழிற்சாலைக்குத் திரும்பிவிட்டார்.

மத்தியானம் சாப்பாடு போடும்போது மனைவி கேட்டாள்: "மெதுவாத்தானே போறீங்க?"

"ஆமா."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சோற்றுப் பாத்திரத்தை நடுவில் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.