கருப்பட்டிச் சாக்கும் காரின் சத்தமும்

எங்கள் காரில் போகும்போது பக்கத்தில் இருப்பவன் செத்துப்போனாலும் இறங்கிய பிறகுதான் தெரியும் என்று சொரிமுத்து அடிக்கடி சொல்வார். அவர் எங்கள் ஊர்க்காரர். குர்லாவில் ஒரு மோட்டார் கராஜில் வேலை. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அறுபத்து மூன்றாம் வருஷம் என் வீட்டுக்காரர் தாதரில் ஒரு பார்சிக்காரரிடம் வாங்கிய பழைய விலாயதி வண்டி, அதாவது சீமைக் கார் அது. இஞ்சின் உறுமும், கதவுகள் கடகடக்கும், கூரைத் தகரம் அதிரும், டயர் உருளும் சத்தம் தரையைப் பிளந்துகொண்டு முழங்கால் வரைக்கும் ஏறும். காலடியில் இருந்த ஓட்டை வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே போகலாம். அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

தாராவி மெயின் ரோட்டில் எங்களுக்குக் கருப்பட்டிக் கடை. கடைக்கு மேலே இரண்டு அறை, அதில் ஒன்பது பேர். என் மாமியார் முப்பிடாதியம்மாளுக்கு வயது அறுபது. ஆனால் கீழே தராசில் ஒரு படிக்கல் விழுந்தால் எது விழுந்தது என்று மாடியிலிருந்தே சொல்லிவிடுவார். நானோ கும்மிக்குப் பேர்போன வீட்டில் பிறந்தவள். நின்ற இடத்தில் பாட்டுக் கட்டுவேன். கல்யாணமாகி வந்த மறுவாரமே, பாத்திரம் கழுவும்போது ஏதோ முணுமுணுத்தேன். "ஏளா தங்கமயிலு, இங்க என்ன தேரோட்டமா நடக்கு?" என்று கேட்டார் மாமியார். அதோடு வாயை மூடியவள்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தாணேயில் உள்ள கடைகளுக்குக் கருப்பட்டி கொண்டுபோவோம். என் நாத்தனார் வீடு அங்கே இருந்ததால் எனக்கும் காரில் ஓர் இடம் கிடைத்தது. ஆனால் பின்சீட்டில்தான். பின்சீட்டு தூக்கித் தூக்கிப் போடும், கருப்பட்டி நொறுங்கிவிடும் என்று மூட்டையை முன்சீட்டில் வைத்துவிடுவார் அவர். நான் நொறுங்கமாட்டேன் என்று எப்படித்தான் கண்டுபிடித்தாரோ.

வண்டி குர்லாவைத் தாண்டி ஆக்ரா ரோட்டில் வேகம் எடுத்ததும் நான் ஆரம்பித்துவிடுவேன். தொண்டை கிழியப் பாடுவேன். என் குரல் எனக்கே பாதிதான் கேட்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வாரத்தின் மற்ற ஆறு நாளையும் தள்ளினேன் என்றால் மிகையில்லை.

பாடியது என்னவென்றால்:

கணேசபாண்டியா, கணேசபாண்டியா,
கருப்பட்டி மூட்டைக்கு முன்சீட்டா?
கைபிடிச்ச பொண்ணுக்குப் பின்சீட்டா?

கணேசபாண்டியன் என்பது அவர் பெயர். அந்தக் காலத்தில் புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். ரேஷன் ஆபீஸில் கணவர் பெயர் கேட்டபோதுகூட, "கண்பதி, அவுர் மதுரை கா ராஜா" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் ஜாடை சொன்னேன். அந்த மராத்திக்கார கிளார்க் "கண்பத் ராஜா" என்று எழுதிக்கொடுத்துவிட்டார். ரொம்ப நாள் அந்தப் பெயரில்தான் எங்களுக்குச் சீனி கிடைத்தது. அப்படிப்பட்டவள் காருக்குள் அவரை ஏகவசனத்தில் கூப்பிட்டுப் பாடினேன். பயமாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அவரிடம் எனக்கு எரிச்சல் மூட்டும் பழக்கம் ஒன்று உண்டு. இறக்கம் வந்தால் போதும், இஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைச் சும்மா உருளவிடுவார். திடுதிப்பென்று பாதிச் சத்தம் அடங்கும். நான் பாதி வரியில் நாக்கைக் கடித்துக்கொள்வேன். சொட்டுப் பெட்ரோலுக்கு உயிரை விடும் கஞ்சன் என்று மனசுக்குள் திட்டுவேன்.

அறுபத்தைந்து மே மாதம் ஒருநாள் அவரே சொன்னார். "வண்டிச் சத்தத்த ஒழிச்சுக்கட்டப் போறேன். பின்னால உக்காந்து வாரவளுக்கும் காது இருக்குல்லா."

"எதுக்குங்க வீண் சிரமம்? எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை.

சொரிமுத்து வந்து கதவைத் தட்டிப் பார்த்தார். ணங் என்றது. "இதான் அண்ணாச்சி கோளாறு. தகரம் மத்தளம் மாதிரி அதிருது. மேல தாரப் பூசி, நம்தா ஒட்டிட்டா ஆவாஜ் பிலகுல் பந்த், சத்தமே இருக்காது" என்றார். நம்தா என்பது கம்பளி ரோமத்தை அழுத்திச் செய்யும் தடித்த விரிப்பு.

"கடையில சாக்கு மலையா கெடக்கு. நம்தா எதுக்குவே?" என்று கேட்டார் இவர்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. சீட்டுகளைக் கழற்றி வெளியே வைத்து, துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். ஓட்டைகளுக்குத் தகரம் அடித்தார்கள். டின்னில் தாரை உருக்கித் தரை முழுக்கப் பூசினார்கள். கதவுகளின் உள்பலகையைக் கழற்றி அந்தப் பொந்துக்குள்ளும் பூசினார்கள். அதன்மேல் இரட்டைச் சாக்கு. சாக்குகளை அளந்து, வெட்டி, கோணி ஊசியால் இரண்டிரண்டாகத் தைத்தது யார் தெரியுமா? நான்தான். என் வாய்க்கு நானே தையல் போட்டேன்.

கடைசியில் சொரிமுத்து கதவைத் தட்டினார். தொப் என்றது. எனக்கு அழுகை முட்டியது.

அடுத்த ஞாயிறு குர்லா தாண்டியது, காட்கோபர் தாண்டியது. வண்டியில் இருந்த கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்டது. "எப்படி?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டார். "நல்லாருக்கு" என்றேன். தாணே வரைக்கும் வேறு பேச்சில்லை. அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஜூன் முழுக்க இப்படியே போயிற்று. வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். குழம்பில் உப்பு கூடியது, குறைந்தது. மாமியாரே என்னைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தார்.

ஜூலை மழையில்தான் கூத்து. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி சாக்கெல்லாம் ஊறியது. அத்தனையும் கருப்பட்டிச் சாக்கு. எங்கள் கடையில் சாக்கை உதறுவோமே தவிரக் கழுவமாட்டோம். கழுவினால் லட்சுமி போய்விடுவாள் என்பது மாமியார் கட்டளை. காருக்குப் போகும் சாக்கையும் கழுவ வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பாகு கசிந்து கார் முழுக்கக் கருப்பட்டி வாசம். பின்னாலேயே தாராவி எறும்பு மொத்தமும் வந்து சேர்ந்தது. ஒரு ஞாயிறு நடு ரோட்டில் அவர் வண்டியை நிறுத்திவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு குதித்த குதி இருக்கிறதே, பஸ்ஸில் போனவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சாக்குகளைப் பிய்த்துப்போட ஆரம்பித்தோம். "சொரிமுத்து சொன்னாப்ல நம்தாவே வாங்கிப் போட்டுருவோம்" என்றார்.

"ஒண்ணும் போட வேண்டாம். சத்தம் அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன்.

அவர் கையிலிருந்த சாக்கைக் கீழே வைத்தார். "பாட்டுக்காகவா?"

நான் குனிந்து இன்னொரு சாக்கை இழுத்துப் பிய்த்தேன்.

"எறக்கத்துல இஞ்சின அணைக்கேம்லா? பெட்ரோலுக்குன்னா நெனச்ச? மொத வாரம் பெட்ரோலுக்குத்தான் அணைச்சேன். அப்ப பின்னாலருந்து எம் பேரு கேட்டுச்சு. அதுக்கப்புறம் அத கேக்கதுக்குத்தான் அணைச்சேன். நீ டக்குனு வாய மூடிக்கிடுவ. கடையில எல்லாருக்கும் நான் அண்ணாச்சி. அம்மாவுக்கு 'ஏல'. என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட ஒரு ஆளு இல்லளா. முழுசாக் கேக்கணும்னுதான் சாக்கு போட்டேன். நீ பாடுறதையே விட்டுட்ட."

"பேரச் சொன்னா ஆயுசு கொறையும்லா" என்றேன்.

"ரெண்டு வருசமாப் பாடுத. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

எண்பத்தொரு வயது வரை இருந்தார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம்தா வாங்கிப் போட்டோம். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, மழை விட்டிருந்தது. குர்லா தாண்டியும் எனக்கு வாய் வரவில்லை. கண்ணாடியில் அவர் கண் தெரிந்தது. அவரும் என்னைப் பார்க்காத மாதிரி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விக்ரோலி தாண்டி அந்த நீளமான இறக்கம் வந்தது. இந்தத் தடவை அவர் இஞ்சினை அணைக்கவில்லை. நான் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, வெளியே பார்த்தபடி, மெல்ல ஆரம்பித்தேன். முதல் வரியில் பெயர் வந்ததும் அவர் காது சிவந்தது. இரண்டாவது வரியில் சிரித்தார். மூன்றாவது வரியை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார்.

சிரிப்பு நின்றுவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தினார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். அவர் இறங்கிச் சுற்றி வந்து, முன்கதவைத் திறந்து, கருப்பட்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் என் பக்கத்தில் வைத்தார்.

"நொறுங்கிருமேங்க" என்றேன்.

"நொறுங்கட்டும்" என்று சொல்லிவிட்டு முன்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.