உட்கார்ந்து பார்க்கிற வேலை

வேலை ஒன்று வந்திருக்கிறது என்று அம்மா சொன்னதுமே மகளுக்குச் சந்தேகம் தட்டியது. நல்ல வேலையாக இருந்தால் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்திருப்பாள். இப்படி முகம் கழுவி, வெந்நீர் வாளிக்குள் இரண்டு காலையும் இறக்கிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லமாட்டாள்.

"எங்க கடையிலதான். மேனேஜர் உன்னைக் கூப்பிட்டாரு."

"துணி மடிக்கவா?"

"மடிக்கிறதுக்கு உன்னை எதுக்குடி படிக்க வெச்சேன்? கேமரா ரூம்ல. ஏசி இருக்கு. நாற்காலி இருக்கு. உக்காந்து பாக்குற வேலை."

"எதைப் பாக்குற வேலை?"

அம்மா வாளிக்குள் காலை ஆட்டினாள். தண்ணீர் தளும்பித் தரையில் கொட்டியது.

"எதைன்னு கேட்டேன்."

"எங்களைத்தான்."

அந்தத் துணிக்கடையில் விற்கிற பெண்கள் யாரும் உட்காரக் கூடாது. காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து இரவு இறங்கும்வரை நிற்க வேண்டும். சாயவும் கூடாது. உட்கார்ந்து மாட்டினால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் உட்காருவதை அவர்கள் திருடக் கற்றுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அம்மா சொல்லும் கதையெல்லாம் இந்தத் திருட்டுக் கதைகள்தான். துணிக்கட்டைக் கீழே தவறவிட்டு, பொறுக்குகிற சாக்கில் குந்திக்கொள்வது. அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் சரக்கு எண்ணப் போவது. ஊசி என்று கூப்பிடப்படுகிற ஒல்லி அக்கா ஒருத்தி, உடுத்திப் பார்க்கிற அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, கால் வெளியே தெரியாமல் மடக்கிக்கொள்வாள். வாடிக்கையாளர் வந்து வெளியே குரல் கொடுத்தால் உள்ளேயிருந்தே "சைஸ் சரியில்லீங்க" என்பாளாம்.

எல்லாவற்றிலும் பெரிய யோகம் ஷூ வாங்க வருகிற ஆள். அவர்கள் நிற்கிற மூன்றாவது மாடி முழுக்கத் துணி, ஒரு மூலையில் மட்டும் செருப்பும் ஷூவும். அங்கே ஒரு குட்டை ஸ்டூல் கிடக்கும். காலில் மாட்டிவிடும்போது மட்டும் அதில் உட்காரலாம், யாரும் கேட்கமுடியாது. அதிலும் கயிறு வைத்த ஷூ என்றால் லாட்டரி அடித்த மாதிரி. ஒவ்வொரு ஓட்டையாகக் கோத்துக் கட்டலாம். இதையெல்லாம் கேட்டு அம்மாவும் மகளும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறார்கள். இப்போது அதைப் பிடிக்கிற வேலைக்கு அவளையே கூப்பிடுகிறார்கள்.

"காட்டிக்குடுக்கிற வேலைக்கு நான் போகமாட்டேன்."

"ஏன், வேற வேலை உன் வாசல்ல வரிசையில நிக்குதா?"

வீட்டின் முதல் பட்டதாரி அவள். சுவரில் தொங்கிய போட்டோவில் கறுப்பு அங்கியோடு இளித்துக்கொண்டிருந்தாள். பார்க்கும்போதெல்லாம் அந்தப் பல்லை உடைக்க வேண்டும்போல் இருந்தது. போகாத இன்டர்வியூ இல்லை. அனுபவம் இருக்கா என்றான் ஒருத்தன். இன்னொருத்தன் அப்பா என்ன பண்றார் என்றான். இல்லை என்றதும் அம்மா என்று இழுத்தான். துணிக்கடையில நிக்கிறாங்க என்றாள். "நிக்கிறாங்கன்னா?" என்றான். நிக்கிறதுன்னா நிக்கிறதுதான்டா என்று சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் கடிக்க வந்தாள்.

"நீ போகலேன்னா இன்னொருத்தி வருவா," என்றாள் அம்மா. "நீ போனா, கண்டும் காணாம விட்டுடலாம்ல?"

மகள் வாளியை ஓர் உதை உதைத்தாள்.

"உதைடி, உதை! துடைக்கப் போறது யாரு? நான்தானே!"

மறுநாள் அவள் போனது அந்த ஒரு நினைப்பில்தான். கண்டும் காணாமல் விடலாம். சம்பளத்தையும் வாங்கலாம்.

கேமரா அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. மேனேஜர் நல்ல மாதிரிதான் பேசினார், அதனால்தான் கோபம் வந்தது.

"வாம்மா, உக்காரு."

உட்கார்ந்தாள். மெத்தென்று இருந்தது. முதுகு தானாகச் சாய்ந்தது. உடம்புக்கு ரோஷமே கிடையாது என்று நினைத்துக்கொண்டாள்.

எதிரே சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் திரைகள். மேனேஜர் ஒன்றைத் தட்டிப் பெரிதாக்கினார். மூன்றாவது மாடி.

"இதுல யாரு உக்காந்திருக்கா, சொல்லு பாப்போம்."

பார்த்த உடனே தெரிந்தது. ஊசி அக்கா ஆளையே காணோம், உடுத்திப் பார்க்கிற அறையின் திரை இழுத்துவிட்டிருந்தது, கீழே கால் இல்லை. அட்டைப்பெட்டிகளுக்கு மேலே ஒரு கொண்டை நுனி மட்டும் தெரிந்தது.

"யாரும் இல்ல சார்."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். எல்லாரும் நட்டுவெச்ச கம்பம் மாதிரிதான் நிக்கிறாங்க."

அவர் சிரித்தார். "சாமர்த்தியம்தான். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. ஒருநாள் முழுக்க ஒருத்தர்கூட மாட்டலேன்னா, அவங்க ஒழுங்கா நின்னாங்கன்னு நான் எடுத்துக்கமாட்டேன். நீ தூங்கினேன்னு எடுத்துப்பேன். அந்தப் பிடித்தம் உன் சம்பளத்துல."

கண்டும் காணாமல் விடுகிற கதை அதோடு முடிந்தது.

"இதுக்கு என்னை எதுக்கு சார் தேடிப் பிடிச்சீங்க?"

"நான் எங்க பிடிச்சேன்? உங்கம்மாதான் வந்தாங்க. 'சார், இவளுங்க வித்தையெல்லாம் என் பொண்ணுக்கு அத்துப்படி, அவகிட்ட ஒருத்தி தப்பமுடியாது'ன்னாங்க. இதைவிட வேற என்ன சர்டிபிகேட் வேணும்?"

சிரிப்பதற்காக அம்மா சொன்ன கதையெல்லாம் விலைக்குப் போயிருந்தது. பட்டத்தை வைத்து வாங்க முடியாத வேலையை, ஊசி அக்காவின் மடக்கிய காலை வைத்து அம்மா வாங்கியிருக்கிறாள்.

திரையில் அம்மாவைத் தேடினாள். மாடியின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தாள். ரேக்கைத் தொடவில்லை, எதிலும் சாயவில்லை. வீட்டில் சமைக்கும்போதுகூட மேடையில் இடுப்பை முட்டுக்கொடுத்தே நிற்கிறவள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விறைப்பாக நின்று, கேமராவையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பார்க்கிறாள் என்று தெரிந்து நிற்கிற நிற்பு அது. நீ என்னைப் பிடிக்க வேண்டியிருக்காது, மற்றவர்களைப் பிடித்துக்கொள் என்று சொல்கிற நிற்பு.

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி மேல போய் அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றியா?" என்றார் மேனேஜர்.

"சொல்லிட்டு வர்றேன்," என்று எழுந்தாள்.

மூன்றாவது மாடிக்குள் நுழைந்ததுமே ஊசி அக்கா வழிமறித்தாள். விஷயம் அதற்குள் பரவியிருந்தது.

"வாங்க டிகிரி மேடம். நாற்காலி மெத்துனு இருந்துச்சா? உங்கம்மா எங்க கூடவே சிரிச்சிட்டு எங்க வயித்துலயே அடிச்சுட்டா. நீ எங்க அடிக்கப் போறே?"

"வழியை விடுங்கக்கா. உங்ககிட்ட சண்டை போட நேரமில்ல. ஷூ வாங்கணும்."

அம்மாவைத் தாண்டி நேரே மூலைக்குப் போனாள். பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து, வலது காலை நீட்டினாள். "யாரும்மா இங்க? எவ்வளவு நேரமா கூப்பிடுறது? ஒரு ஷூ காட்ட ஆளில்லையா?"

மாடி சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். அம்மாவுக்கு வேறு வழியில்லை. ஓடிவந்தாள்.

"என்னடி கூத்து இது?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "கையெழுத்துப் போட்டியா?"

"முதல்ல ஸ்டூல்ல உக்காருங்க. கஸ்டமர் கால் நீட்டிட்டு இருக்காங்கல்ல."

அம்மா உட்கார்ந்தாள். உட்காரும்போது முழங்கால் சொடுக்கியது இருவருக்கும் கேட்டது.

"வேண்டாம்னுட்டியா?"

"இனிமேதான் சொல்லணும். இங்கிருந்து சொன்னாலே மேனேஜருக்குத் தெரியும், கேமராவுல பாத்துட்டுதான் இருக்காரு." மகள் கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தலையை இரண்டு பக்கமும் நிதானமாக ஆட்டினாள்.

அம்மா அவள் காலை வெடுக்கென்று இழுத்து ஒரு ஷூவுக்குள் திணித்தாள். "நாசமாப் போ. உனக்காக அவர் கால்ல விழாத குறையா நின்னேன். இனி என்னையும் அனுப்பிடுவாரு."

"அதுக்கு ஊசி அக்காவை வித்தியே, அதைச் சொல்லு."

"வித்தேன். உனக்காக இன்னும் பத்துப் பேரை விப்பேன். நீ மட்டும் பெரிய நியாயவாதி!"

"இது கடிக்குது. வேற காட்டுங்கக்கா."

"அக்காவா? வீட்டுக்கு வா, காட்டுறேன்."

சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார். "என்னம்மா, வாங்குறாங்களா?"

"பாத்துட்டிருக்காங்க சார்," என்றாள் அம்மா பல் தெரிய. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார். ஸ்டூலில் இருப்பவளை எழுப்ப எந்த விதியும் இல்லை.

அம்மா இன்னொரு பெட்டியைத் திறந்தாள். ஒட்டுப்பட்டை வைத்த ஷூ. ஒரே இழுப்பில் மாட்டி முடிந்துவிட்டது. மறுபடி எழுந்திருக்க வேண்டும்.

அம்மா எழுந்திருக்கவில்லை. முகத்தை நிமிர்த்தாமல், மகளின் கணுக்காலை நகம் பதியக் கிள்ளினாள்.

"கயிறு வெச்சதைக் கேளுடி, மூதேவி," என்றாள். "கட்ட நேரமாகும்."