ஹோல்வெர்டா வீட்டுத் தபால்

எங்கள் ஊர் பேஸ்பால் அணியில் மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சர் கேல் ஹோல்வெர்டா, நான் தபால் போடும் தெருவில் குடியிருந்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நவம்பரில் நான் பட்ட பாடெல்லாம் இதனால் வந்ததுதான்.

என் பெயர் வெர்னா ஸ்லோமின்ஸ்கி. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இருபத்து நான்கு வருடமாக வீடு வீடாகத் தபால் போடுகிறேன். பேஸ்பால் பார்ப்பது அதற்கும் முன்னாலிருந்து. என் தம்பி லென் என்னைவிடப் பெரிய பைத்தியம். வானொலியில் விளையாட்டு நிகழ்ச்சி நடக்கும்போது போன் போட்டுப் பேசுகிற ஆட்களில் அவனும் ஒருவன். "தெற்குப் பக்கத்து லென்" என்றால் அந்த நிகழ்ச்சி கேட்கிற எல்லோருக்கும் தெரியும்.

ஆட்டம் நடக்கும் மாதங்களில் நாங்கள் இரண்டு பேரும் ஒழுங்காகத்தான் இருப்போம். அக்டோபரோடு சீசன் முடிந்து, யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று அணி யோசிக்க ஆரம்பித்ததும் சண்டை தொடங்கிவிடும். முதல் தளத்தில் நிற்கும் ப்ரூயிட்டை விட்டுவிட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. முப்பத்தாறு வயதில் அவன் ஓடுவதைப் பார்த்தால் முதுகில் குளிர்சாதனப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடுவது போலிருக்கும். இடது கையால் பந்து வீசும் பிட்சர் ஒருவனை இரண்டு வருடத்துக்கு எடுத்தார்கள். அதுவும் சரிதான். ஆனால் நவம்பர் முதல் வாரத்தில் மேற்குக் கரையிலிருந்து இருபத்து மூன்று வயது கேட்சர் ஒருவனை வாங்கினார்கள். ஓர் அணிக்கு இரண்டு கேட்சர் போதும். எங்களிடம் இப்போது மூன்று பேர்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் நானும் லென்னும் எங்கள் தெருமுனை பாரில் மீன் வறுவல் சாப்பிடுவது வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை அவன் நாற்காலியை இழுத்துப் போடும்போதே தொடங்கிவிட்டான்.

"அக்கா, உன் ஆளு காலி."

"எந்த ஆளு?"

"எந்த ஆளா? உன் தெருப் பிள்ளைதான். நூறு தடவை மட்டையோட நின்னா இருபத்திரண்டு தடவைகூட உருப்படியா அடிக்கலை. அவனுக்கு எதுக்கு இன்னொரு வருஷம்?"

"டேய், கேட்சரை அடிக்கிறதுக்கா வெச்சிருக்காங்க? நம்ம சின்னப் பிட்சர் மசீயஸ் போன சீசன்ல பதினஞ்சு ஆட்டம் ஜெயிச்சானே, அவன் பந்தை யாரு பிடிச்சா? அந்தப் பையன் மூணு தளத்துலயும் ஆளை ஏத்திட்டு வேர்த்துக் கொட்டிக்கிட்டு நிப்பான். ஹோல்வெர்டா மெதுவா நடந்து போய் ஏதோ சொல்லுவான். பையன் சிரிப்பான். அடுத்த மூணு பந்துல ஆள் அவுட்டு. இதுக்கு உன் புள்ளிவிவரத்துல கட்டம் இருக்கா?"

"சிரிப்பு காட்டணும்னா கோமாளிய வெச்சுக்கலாமே. சம்பளம் கம்மி."

உருளைக்கிழங்கு அடையை அவன் தட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. உண்மையில் எனக்கும் பயம்தான். நவம்பர் இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குள், ஹோல்வெர்டா போன்ற ஆட்களுக்கு அடுத்த வருட ஒப்பந்தம் தருகிறோமா இல்லையா என்று அணி சொல்லியாக வேண்டும். இல்லை என்றால் அவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அதாவது, எங்களிடமிருந்து போய்விடுவான்.

புதன்கிழமை காலை அலுவலகத்தில் என் தெருக்களுக்கான தபாலைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். வீடு மாறுகிறவர்கள் பெயர் அச்சடித்த தாள் ஒன்று தினமும் வரும். பெயர், பழைய முகவரி, எந்தத் தேதியிலிருந்து என்பது மட்டும் இருக்கும். புது முகவரி எங்களுக்குத் தெரியாது. தபாலைத் திருப்பி அனுப்புவதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். நான்காவது வரியில் இருந்தது: ஹோல்வெர்டா, குடும்பத்தோடு, நவம்பர் இருபத்தெட்டு முதல்.

அந்த வரியை மூன்று முறை படித்தேன். அடுத்த வீட்டு மின்சார பில்லை எடுத்துத் தவறான கட்டத்தில் போட்டேன்.

அப்படியானால் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அணி காதோடு காதாகச் சொல்லியிருக்கும். வெளியே சொல்ல நாள் இருக்கிறது, அவ்வளவுதான். எந்த ஊரோ, எந்த அணியோ! மசீயஸை இனி யார் சிரிக்க வைப்பது? இதை நினைத்துக்கொண்டே நான்கு தெரு நடந்தேன். யாரிடமும் சொல்லவும் முடியாது. ஒருவர் வீட்டுத் தபாலில் பார்த்ததை இன்னொருவரிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துதான் இந்த வேலைக்கு வந்தேன். விவாகரத்து நோட்டீஸ், மருத்துவமனைக் கடிதம், சிறையிலிருந்து வந்த கடிதம் என்று இருபத்து நான்கு வருடத்தில் என்னென்னவோ பார்த்திருக்கிறேன். ஒன்றையும் வாய்விட்டதில்லை. அதெல்லாம் எளிதாகத்தான் இருந்தது. அவர்களில் யாரும் எங்களுக்காகக் கேட்சராக நிற்கவில்லை.

அன்று மதியம் அவன் வீட்டுக் கார்க் கொட்டகைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அட்டைப்பெட்டிகள். ஹோல்வெர்டா ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். ஆறடி மூன்றங்குலம், முழங்காலில் நீலப்பட்டை, தலையில் மகளின் ஊதா நிறக் கம்பளித் தொப்பி.

"வாங்க வெர்னாக்கா! குளிரு எப்படி?"

"இருக்கு தம்பி" என்றேன். தபாலைக் கையில் கொடுத்தேன். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "உடம்பப் பாத்துக்கோங்க" என்றேன்.

அவன் கொஞ்சம் வியப்பாகப் பார்த்தான். அதற்குள் நான் அடுத்த வீட்டுப் படியில் இருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் பாரில் லென் விடவில்லை. மீன் வருவதற்கு முன்பே புதுக் கேட்சர் புராணம். அவன் பந்தை அடிக்கும் தூரம், அவன் தோள் வலு, அவன் வயது.

"ஏன்க்கா இப்படி உம்முனு இருக்கே? வழக்கமா இந்நேரம் என்மேல ரொட்டியத் தூக்கி அடிச்சிருப்பியே."

"எனக்குச் சண்டை போடத் தெம்பில்லடா. அவன்தான் ஏற்கெனவே..." என்று ஆரம்பித்துவிட்டேன். சட்டென்று பீர் கிளாஸை எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன்.

லென் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "ஏற்கெனவே என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அக்கா, நீதானே அந்த வீட்டுக்குத் தபால் போடுறே? என்ன பாத்தே?"

"பாத்தது பெர்ச் மீன். ஆறிப் போகுது. தின்னு."

அவன் என்னையே பார்த்தான். சின்ன வயதில் அம்மாவின் பிஸ்கட் டப்பாவை நான் எங்கே ஒளித்தேன் என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவன் அவன். நான் வேறு எதுவும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை தபால் வண்டியில் வானொலியைப் போட்டேன். தெற்குப் பக்கத்து லென் பேசிக்கொண்டிருந்தான். "இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க. ஹோல்வெர்டா மூட்டை கட்டியாச்சு. எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. நம்பகமான இடம்."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

"நான் உன்கிட்ட என்னடா சொன்னேன்?"

"நீ ஒண்ணும் சொல்லலையே! உன் மூஞ்சிதான் சொல்லிச்சு."

"என் வேலை போயிடும்டா, முட்டாள்! ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருக்கு எனக்கு!"

அவன் மெல்லிய குரலில், "நான் உன் பேரைச் சொல்லலைக்கா" என்றான்.

"உன் அக்கா என்ன வேலை பாக்குறான்னு ஊருக்கே தெரியும்!"

போனை வைத்துவிட்டேன். மறுநாள் காலை மேற்பார்வையாளர் டெல் என் மேஜைக்கு வந்தார். முப்பது வருடம் அந்த அலுவலகத்தில் இருப்பவர், அதிகம் பேசமாட்டார்.

"வெர்னா, ரேடியோவுல பேசுறானே லென், அது உன் தம்பிதானே?"

"ஆமா சார்."

"நீ ஏதாவது சொன்னியா?"

"இல்ல சார். ஒரு வார்த்தைகூடச் சொல்லலை. என் மூஞ்சியப் பாத்து அவனா கற்பனை பண்ணிக்கிட்டான்."

நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. "நீ சொல்லியிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா உன் மூஞ்சிக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது. குளிர்காலம்தானே, மஃப்ளரைக் கண்ணு வரைக்கும் ஏத்திக் கட்டிக்கோ."

அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். வேலை போகாது என்பதே பாதி உயிர் திரும்பியது போல. மீதிப் பாதிக்கு இருபத்தொன்றாம் தேதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை தினமும் ஹோல்வெர்டா வீட்டுக்குத் தபால் கொண்டுபோனேன். தினமும் பெட்டிகள் கூடிக்கொண்டே வந்தன. நானும் மஃப்ளரை ஏற்றிக் கட்டிக்கொண்டு போனேன்.

அந்த வெள்ளிக்கிழமை பாரில் கூட்டம். லென் எனக்கு முன்பே வந்து, எனக்குப் பிடித்த ஜன்னலோர மேஜையைப் பிடித்து வைத்திருந்தான். உருளைக்கிழங்கு அடை இரண்டு தட்டு வரவழைத்திருந்தான். அவன் மன்னிப்புக் கேட்கும் விதம் அதுதான். நானும் சாப்பிட்டேன். மணி ஆறே முக்கால் இருக்கும். யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். திரையின் அடியில் பெயர்கள் ஓடின. ஒப்பந்தம் கிடைக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவன் முழங்கை அறுவைச் சிகிச்சை செய்த பிட்சர். இரண்டாவது பெயர், ஹோல்வெர்டாவும் புதுப் பையனும் போக மீதியிருந்த கேட்சர்.

அறிவிப்பாளர் சொன்னார்: "ஹோல்வெர்டாவுக்கு ஓராண்டு ஒப்பந்தம். இளம் பிட்சர்களுக்கு அவர் தேவை என்கிறது நிர்வாகம்."

கண்ணில் நீர் வந்துவிட்டது. முட்டைக்கோஸ் சாலட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"அழுறியா?" என்றான் லென்.

"மிளகுத்தூள்டா."

"சாலட்டுல ஏது மிளகு?" என்று சொல்லிவிட்டுத் தன் கைக்குட்டையை என் பக்கம் தள்ளினான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "திங்கக்கிழமை ரேடியோவுல என்னைக் கிழிகிழின்னு கிழிக்கப் போறானுங்க" என்றான். அவன் குரலிலும் ஒரு நிம்மதி இருந்தது. அவன் சொன்னது பொய்யாகப் போனதில் இனி ஊரில் யாரும் என்னைச் சந்தேகிக்கமாட்டார்கள் என்று அவனுக்கும் தெரியும்.

சனிக்கிழமை நான் அந்தத் தெருவில் திரும்பும்போதே ஹோல்வெர்டா வாசலில் நின்றான். கையில் இரண்டு காபிக் கோப்பைகள். பின்னால் அவன் மனைவி பிரிட்டா, குழந்தைகள் மருத்துவமனை நர்ஸ், இரவு வேலை முடிந்து வந்த உடையோடு நின்றாள்.

"வெர்னாக்கா, நில்லுங்க. ஒண்ணு கேக்கணும். பத்து நாளா என்னை ஏன் அப்படிப் பாத்தீங்க?"

"எப்படிப் பாத்தேன்?"

"துக்க வீட்டுக்கு வந்த மாதிரி! தபாலைக் கையில குடுத்துட்டு, உடம்பப் பாத்துக்கோங்கன்னீங்க. அப்புறம் மூஞ்சியவே மூடிக்கிட்டீங்க. நான் பிரிட்டாகிட்ட சொன்னேன், அணி ஏதோ லெட்டர் அனுப்பியிருக்கு, இந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு, நம்ம கதை முடிஞ்சதுன்னு."

"தினமும் உறையெல்லாம் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு" என்றாள் பிரிட்டா. "என் பல் டாக்டர் பில்லைக்கூட."

அவன் வீட்டுத் தகவலை அவனிடம் சொல்வதில் தப்பில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. "நீங்கதானே தம்பி வீடு மாறுறதா எழுதிக் குடுத்தீங்க? அப்போ உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியும்னு நான் நினைச்சேன்!"

அவன் பிரிட்டாவைப் பார்த்தான். பிரிட்டா அவனைப் பார்த்தாள். இரண்டு பேரும் வெடித்துச் சிரித்தார்கள்.

"வீட்டுச் சொந்தக்காரர் இந்த வீட்டை விக்கிறாரு" என்றாள் அவள். "ஆறு தெரு தள்ளி ஒரு வீடு வாங்கியிருக்கோம். நான் இவர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன். நீ எந்த ஊர்ல வேணா போய்ப் பந்து பிடி, நானும் பொண்ணும் இங்கேயிருந்து அசைய மாட்டோம்னு. என் வேலை இங்க, அவ பள்ளிக்கூடம் இங்க."

"ஒப்பந்தம் இல்லைன்னா நான் மட்டும் வேற ஊர்ல தனியா இருந்திருப்பேன்" என்றான் அவன். "அடுத்த வருஷம் அப்படிப் போக வேண்டியதில்ல. அப்பா, என்னா நிம்மதி தெரியுமா? நேத்து ஆறரை மணிக்குப் போன் வந்ததும் இந்தப் படியில அப்படியே உக்காந்துட்டேன்."

"நானும் உக்காந்துதான் இருந்தேன்" என்றேன். நிற்க நேரமில்லை, ஆனாலும் காபியை முழுதாகக் குடித்தேன்.

அடுத்த வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் எனும் நன்றி நாள் விருந்து லென் வீட்டில். வான்கோழியை வெட்டுவதற்கு முன்பே அவன் அணிப் பேச்சை ஆரம்பித்துவிட்டான், இந்தத் தடவை வலது வெளிக்களத்தில் நிற்கும் ஆள். அந்த இடத்துக்கு யாரை வாங்குவது, எவனைக் கொடுப்பது.

"அக்கா, நீ என்ன சொல்றே? உனக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு ஒரு எழவும் தெரியாதுடா" என்றேன். அதைச் சொல்ல எவ்வளவு சுகமாக இருந்தது! கத்தியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவன் சொன்ன ஆளுக்குத் தரையில் உருளும் பந்தைக்கூட எடுக்கத் தெரியாது என்று உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன்.