நடுவில் விட்டுப்போன வரி

மண்ணைத் தடுக்கும் இரும்புத் தகடு, பைப் பதிக்கத் தோண்டிய பள்ளத்துக்குள் பாதி இறங்கியிருந்தபோது பக்கச்சுவர் மண் சரிந்தது. கிரேன் கேபினில் இருந்தவளுக்குச் சத்தம் எட்டவில்லை. ஓரத்தில் நின்றவர்கள் தெறித்து ஓடியதும், புழுதி மெதுவாக மேலெழுந்ததும்தான் தெரிந்தன. பிறகு வாக்கிடாக்கியில் மேஸ்திரியின் குரல்.

"அசைக்காதம்மா! அப்படியே புடி. கீழ உன் கொழுந்தன் மாட்டிக்கிட்டான்."

பைப் பொருத்துகிறவன் அவன். ஓயாமல் பேசுவதால் சைட்டில் எல்லோருக்கும் 'வானொலி'. இப்போது நெஞ்சு வரை மண்ணுக்குள் நின்றான். தலைக்கு மேலே தகடு சாய்ந்து, மீதி மண்ணைத் தடுத்துக்கொண்டிருந்தது. தகட்டைப் பிடித்திருந்தது அவளுடைய கிரேன். காற்று கிரேனின் நீண்ட கையைப் பக்கவாட்டில் தள்ளத் தள்ள, அவள் லிவரை எதிர்ப்பக்கம் மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். கொஞ்சம் கூடினாலும் தகடு வழுக்கும். வழுக்கினால் அவன் இல்லை.

பள்ளத்தருகே இயந்திரம் கொண்டுபோனால் அதிர்வில் மிச்சமும் சரியும். அதனால் மீட்புப் படையினர் வாளியும் கையுமாகத் தோண்டினார்கள்.

"அவன்கிட்ட பேசிக்கிட்டே இரு. கண்ணை மூட விடாதே," என்றார் மேஸ்திரி. "மயங்கித் தலை சாஞ்சா மூக்குக்கிட்ட மண்ணு."

அவன் சட்டையில் மாட்டியிருந்த வாக்கிடாக்கி இன்னும் வேலை செய்தது.

"டேய், கேக்குதா?"

"கேக்குது அண்ணி. உங்க கிரேன் அழகா இருக்கு, கீழேருந்து பாத்தா."

"வாயைப் பாரு. வலிக்குதா?"

"காலு இருக்கான்னே தெரியல." மூச்சு வாங்கினான். "தூக்கம் வருது அண்ணி. ஒரு பைபிள் வசனம் சொல்லுங்க. தினம் காலையில நான் பல்லு விளக்குறதுக்குள்ள படத்தோட போன்ல அனுப்பிடுவீங்களே. இன்னைக்கு என்ன அனுப்பினீங்க?"

அவள் காலையில் அனுப்பியதை நினைவில் தேடினாள்.

கேபினுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அது கீழே அலமாரியில் பூட்டிக் கிடந்தது. இன்றைய வசனத்துக்குப் பின்னால் ஒரு ஏரி இருந்தது. தண்ணீரில் வெள்ளைப் பறவை ஒன்று. நேற்று பனித்துளி விழுந்த ரோஜா. அதற்கு முந்தின நாள் மலைப்பாதை. படங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எழுத்து இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"ஏரி... ஒரு பறவை இருந்துச்சுடா."

"அது படம் அண்ணி." சிரிக்கப் பார்த்து இருமினான். "வசனத்தைக் கேட்டேன்."

காற்று உதைத்தது. அவள் லிவரைத் திருத்தினாள். உள்ளங்கை வியர்வையில் வழுக்கியது. துடைக்கக் கையை எடுக்க முடியாது.

"சரி, மலையைப் பாத்துக் கண்ணை ஏறெடுக்கிற சங்கீதம் தெரியும்," என்றாள். ஞாயிறு பள்ளியில் படித்த பைபிள் பாட்டு. முதல் வசனம் வந்தது. வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரைப் பற்றிய இரண்டாவதும் வந்தது. அத்தோடு சரி.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்டா தெரியும்."

"அண்ணி..." குரல் குழைந்தது. தலை ஒரு பக்கம் சாய்வது அந்த உயரத்திலிருந்தே தெரிந்தது.

"டேய்! டேய்!"

அப்போது சேனலில் இன்னொரு குரல் நுழைந்தது. சரக்கு லிஃப்ட் ஓட்டுகிறவள். உடைமாற்றும் அறை மின்விசிறிக்காகச் சண்டை போட்டதிலிருந்து இவளோடு முகம் கொடுத்துப் பேசாதவள்.

"உன் காலைத் தள்ளாட விடமாட்டார்னு வரும்," என்றாள் மொட்டையாக. "காக்கிறவர் தூங்கமாட்டார்."

"காலா?" என்றான் வானொலி, கண்ணைத் திறந்து. "நெஜமாவே காலுன்னு இருக்கா?"

"இருக்கு. நான் என்ன உனக்காகவா எழுதினேன்?"

"யாரது நடுவுல?" மேஸ்திரி கத்தினார். "சேனலை விடுங்க! இது ஜெபக் கூட்டமா?"

"அவன் முழிச்சிட்டான் மேஸ்திரி," என்றாள் கிரேனிலிருந்தவள்.

மேஸ்திரியின் குரல் இறங்கியது. "சரி, நிறுத்தாதீங்க."

இருவரும் சேர்ந்து கட்டினார்கள். இவள் தொடங்க, லிஃப்ட்காரி கால் தள்ளாடாததையும் காக்கிறவர் உறங்காததையும் சொன்னாள். பிறகு ஒரு தடுக்கல். அதைத் தாண்டிப் பகலின் வெயில், இரவின் நிலவு. அங்கிருந்து முடிவு வரை அவளே தடங்கலில்லாமல் சொன்னாள். ஆனால் வெயிலுக்கு முன்னால் ஒரு வரி இருந்தது. அது இருவருக்கும் வரவில்லை.

"உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும்?" என்று கேட்டான் வானொலி.

"எங்கம்மா ஐசியூல கிடந்தப்ப உள்ளே எதையும் கொண்டுபோக விடல," என்றாள் லிஃப்ட்காரி. "தலையில இருந்ததை மட்டும்தான் கொண்டுபோக முடிஞ்சது. அதுலயும் ஒன்னு அப்பவே தொலைஞ்சிருக்கு போல."

இவள் முதல் வசனத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை வேகமாக ஒப்பிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் கால் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

அவன் ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொன்னான். விட்டுப்போன இடம் வந்தபோது, "நான் கண்டுபிடிக்கிறேன்," என்றான். "மழை பத்தியா?"

"இல்லை."

"சாப்பாடு?"

"உன் புத்தி போகுமா!" என்றாள் லிஃப்ட்காரி.

பெரிய காற்று வந்தது. கேபின் முனகியது. தகட்டின் ஓரத்திலிருந்து மண் கொட்ட, தோண்டியவர்கள் அவன் தலைமேல் குனிந்து மூடிக்கொண்டார்கள். அவள் மூச்சைப் பிடித்து லிவரை நகர்த்தினாள், நிறுத்தினாள், இன்னும் ஒரு இழை. தகடு நின்றது.

அவள் முதல் வரியைச் சொன்னாள். பதில் இல்லை. இரண்டாவதைச் சொன்னாள். மூன்றாவதை, இப்போது தனக்கும் தெரிந்திருந்த கால் தள்ளாடாததைப் பற்றிய வரியை, அவனிடம் கேட்பதுபோல் இல்லாமல் வேறெங்கோ முறையிடுவதுபோல் சொன்னாள்.

"...தூங்கமாட்டார்," என்றது ஒரு மண் தின்ற குரல்.

கடைசியில் மண்ணை வாரி முடித்து அவனை இழுத்து மேலே கொண்டுவந்தபோது வலது கால் கோணலாகத் தொங்கியது. அந்தக் கால் என்ன ஆகுமோ தெரியாது. உயிர் இருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே யாருடைய வாக்கிடாக்கியையோ வாங்கினான்.

"அண்ணி, ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த ஒரு வரியைக் கொண்டுவாங்க. போன்ல வேண்டாம். மனப்பாடமா."

"கொண்டுவர்றேன்டா."

"நானும் வரேன்," என்றாள் லிஃப்ட்காரி. "கீழ இறங்குங்க, சேர்ந்து தேடலாம்."

"தோண்டினவங்க மூணு பேர் இன்னும் பள்ளத்துக்குள்ள இருக்காங்க," என்றார் மேஸ்திரி. "அசைக்காதம்மா."

அவள் அசைக்கவில்லை. கடைசி ஆள் ஏணியில் ஏறும்வரை காற்றை எதிர்த்துக்கொண்டு, தெரிந்த வரிகளைச் சத்தமெழாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். வெயிலுக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் நின்று, காத்திருந்துவிட்டு, மேலே போனாள்.