சார்பதிவாளர் கேட்ட கேள்வி

பத்திரத்தைப் புரட்டிப் பார்த்த வக்கீல் கீர்த்தனா, "அக்கா, இது பதிவாகலையே" என்றாள். சண்முகவள்ளிக்கு முதலில் விளங்கவில்லை.

"முத்திரைத்தாள்லதானம்மா எழுதினோம். சாட்சிக் கையெழுத்தும் இருக்கே."

"அது பத்தாதுக்கா. இந்த டிக்ரி, நிலம் யாருக்குச் சொந்தம்னு சொல்ற கோர்ட்டுத் தீர்ப்பு. அதை இன்னொருத்தருக்கு மாத்திக் குடுத்தா, நிலத்தை வித்தா பதியுற மாதிரி இதையும் பதியணும். இல்லேன்னா இதை வச்சு நிலத்தை மீட்டுத் தரச் சொல்லி மனுப் போட்டா கோர்ட்டுல நிக்காது. எழுதி நாலு மாசத்துக்குள்ள பதியணும், அது இந்த வாரத்தோட முடியுது. விட்டா அபராதம், அலைச்சல், அப்பவும் நிச்சயமில்ல. எழுதிக் குடுத்தவரு நேர்ல வந்து ஒத்துக்கணும்."

எழுதிக் கொடுத்தவர் கண்ணுசாமி. சாணார்பட்டிக்குப் பக்கத்தில் அவருடைய நிலத்தை அடாவடிக்காரன் சங்கிலி வளைத்துக்கொண்டு, அதிலிருந்த கிணற்றையும் அடைத்துவிட்டான். அந்தக் கிணற்றில் பங்குத் தண்ணீர் பாய்ந்த சண்முகவள்ளியின் மல்லிகைத் தோட்டம் காய்ந்தது. கண்ணுசாமி வழக்காடி ஜெயித்தார். ஆனால் சங்கிலியை வெளியேற்றத் தெம்பில்லாமல் சித்தையன்கோட்டையில் மகன் பிரபு வீட்டோடு போய்விட்டார். சண்முகவள்ளி நகையை விற்று அந்த டிக்ரியைத் தன் பேருக்கு எழுதி வாங்கியிருந்தாள்.

மறுநாள் காலை சித்தையன்கோட்டைக்குப் போனாள். வாசலில் சங்கிலியின் ஜீப் நின்றது. உள்ளேயிருந்து வந்த சங்கிலி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன வள்ளி, இம்புட்டு தூரம்? வெயில்ல அலையாத."

ஜீப் போன பிறகும் கண்ணுசாமி கட்டிலை விட்டு எழவில்லை.

"பிரபு லோடு வண்டியில தனியாப் போறானாமே, பாத்துப் போகச் சொல்லுன்னுட்டுப் போறான் தாயி. அதுக்கு என்ன அர்த்தம்? பதியுறதுக்கு நான் வரலை."

சண்முகவள்ளி அவரை வற்புறுத்தவில்லை. "எனக்கும் பயமாத்தேன் இருக்குண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

அடுப்படியிலிருந்து பிரபுவின் மனைவி பானுப்ரியா வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நாம வாயை மூடிட்டு இருந்தா மட்டும் அவன் விட்டுருவானா மாமா? நாளைக்கு இந்த வீட்டையும் கேப்பான். சட்டையைப் போடுங்க. நானும் வாரேன்."

சார்பதிவாளர் அலுவலகத்தில் அவர்கள் முறை வருவதற்குள் சங்கிலி வந்து கதவோரம் சாய்ந்துகொண்டான். கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சார்பதிவாளர் அம்மா நிமிர்ந்தார். "இதை எழுதிக் குடுத்தது நீங்கதானா? சம்மதிச்சுத்தானா?"

கண்ணுசாமியின் பார்வை கதவுப் பக்கம் போனது. 'நான் எழுதவில்லை' என்று அவர் சொல்லிவிட்டால் பதிவு நின்றுபோகும், தோட்டமும் போகும்.

"பெரியவரே, உங்களைத்தான் கேக்குறேன்."

"நாந்தேன்!" காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டார். "நாந்தேன் எழுதிக் குடுத்தேன். மனசாரக் குடுத்தேன்."

வியர்வையில் அவருடைய கட்டைவிரல் ரேகை இயந்திரத்தில் விழவே இல்லை. சண்முகவள்ளி தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அடுத்த தடவை ரேகை பதிந்தது.

வெளியே வந்தபோது சங்கிலியைக் காணோம். அதுதான் இன்னும் கிலியைக் கிளப்பியது. பானுப்ரியா புருஷனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். கண்ணுசாமி படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன புள்ள, வத்தலக்குண்டுல லோடு இறக்கிட்டிருக்கேன்" என்று பிரபுவின் குரல் வந்ததும் பானுப்ரியா வாய்விட்டு அழுதாள்.

பதிவான பத்திரத்தோடு கீர்த்தனா மனுப் போட்டாள். சில மாதம் கழித்துக் கோர்ட்டு உத்தரவை நிறைவேற்றும் அமீனா போலீசோடு வந்து நிலத்தைச் சண்முகவள்ளியிடம் ஒப்படைத்தார். அடைத்த கிணற்றைத் திறந்ததும் மல்லிகை மறுபடி துளிர்த்தது. பிரபு இப்போது வண்டியில் துணைக்கு ஓர் ஆளை ஏற்றிக்கொள்கிறான். கிணற்றடியில் நிற்கும்போது ஜீப் சத்தம் கேட்டால் சண்முகவள்ளி, அது தூரத்தில் தேய்ந்து மறையும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.