அறிவரசனைத் தொடர்ந்து வந்த கடலாட்டம்

குன்னத்து வெங்காய வியாபாரி அறிவரசன் யாழ்ப்பாணத்துக்கு வேகக் கப்பலில் போய்த் திரும்பிய மறுநாள் காலை, அவர் கால் வைத்த தரையெல்லாம் ஆடத் தொடங்கியது. போகும்போதும் வரும்போதும் நாலு மணி நேரம் ஏசி அறைக்குள் வாந்திப் பையும் கையுமாக இருந்தவர் அவர். கரை இறங்கியதும் மற்றவர்களுக்குத் தலைசுற்றல் நின்றது. இவருக்கு நிற்கவில்லை, கூடவே வந்துவிட்டது.

முதல் வாரம் வீட்டில் யாருக்கும் வயிற்றில் சோறு தங்கவில்லை. இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி படுத்துவிட்டாள். அவர் மனைவி புவனேஸ்வரிக்குப் பயமெல்லாம் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஆர்த்தியைப் பற்றித்தான். எட்டாம் மாதத்தில் எடை குறைந்துகொண்டே போகிறது என்று பெரம்பலூர் டாக்டரம்மா சொல்லிவிட்டார். அறிவரசன் பாயைச் சுருட்டிக்கொண்டு மக்காச்சோளக் காட்டுக்குப் போனார். அங்கே கரிசல் மண் ஆளுயரம் எழும்பித் தாழ்ந்தது. சாப்பாடு கொண்டுபோன புவனேஸ்வரி, கதிர்களுக்கு நடுவே புருஷன் தலை மறைவதும் தெரிவதுமாக இருப்பதைக் கண்டு வாய்விட்டு அலறினாள்.

"இந்த ஆட்டத்தக் கடல்லயே கொண்டுபோயி வுட்டுட்டு வந்துடறேன், புவனா."

"கடலு உங்களையே வச்சிக்கிட்டா நான் என்னாங்க பண்றது? நானும் வரேன்."

அவளுக்குப் பாஸ்போர்ட் வர இருபது நாளாயிற்று. கடலையே பார்த்திராதவள், கப்பலில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். தண்ணீர் சன்னலை அறையும் சத்தம் கேட்டது. ஒரு மணி நேரமாகியும் வயிறு புரளவில்லை. கண்ணைத் திறந்தால், அலை கூரைக்கு மேல் போய் விழுந்துகொண்டிருந்தது. கப்பல் மட்டும் சிமெண்டுத் தளம் போல அசையாமல் போனது. கடலின் ஆட்டமும் இவர் ஆட்டமும் ஒன்றையொன்று முட்டி அடங்கியிருந்தன. கைக்குழந்தைகள் தூங்கின. யாரும் பையைப் பிரிக்கவில்லை.

ஆனால் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில் அவர் இறங்கியதும் துறைமுகமே ஆடியது. புவனேஸ்வரி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கேப்டன் ஓடிவந்தார்.

"சார், தயவுசெஞ்சு திரும்ப ஏறிக்குங்க."

மூன்று வருடமாக அறிவரசன் அந்தக் கப்பலின் நடு வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆர்த்திக்கு மூன்று கிலோவில் பெண் பிறந்தது. கப்பல் ஓடாத செவ்வாய்க்கிழமைகளில் அவர் ஊருக்கு வருகிறார். திங்கட்கிழமையே தெருக்காரர்கள் பாத்திரங்களைப் பரணிலிருந்து இறக்கிவிட்டு, மறுநாள் காலைப் பலகாரத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். புவனேஸ்வரிக்கு இன்னும் பயம்தான். ஒரு கையால் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவருக்குச் சோறு போடுகிறாள்.